வேர்க்குரு ஆத்தா

ஒத்தக்கடை
12 மே 2025

மதினிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. இந்தக் கடிதத்துக்கு வெறும் மதினியாகவே இருங்கள்.

போனில் கேட்கவேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் பண்ணி என்ன? எட்டு வருஷமாக என் குரல் கேட்டதும் அண்ணனும் நீங்களும் வாயை மூடிக்கொள்கிறீர்கள். காகிதம் பாதியில் கட் பண்ணாது.

என் அய்யா செத்துப்போன சேதியை எனக்குச் சொல்ல அந்த ஊரில் ஒரு நாக்கு இல்லை. அன்று காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. ஒப்பாரிச் சத்தம் மட்டும். யாரோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று வைக்கப் போனேன். அப்போது தங்கப்பொண்ணு அத்தையின் குரல், "எங்கண்ணே பேயாண்டி, எந்திரிண்ணே, எந்திரி" என்றது. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

சின்னவன் சோலைக்கு அதற்கு முன்பே காய்ச்சல், வாந்தி. பெரியவள் ஆர்த்திகாவுக்கு அன்று விடியும்போதுதான் உடம்பு சுட ஆரம்பித்தது. விக்ரம் கல்லூரிப் பரீட்சை வேலையாகத் திண்டுக்கல்லில் இருந்தார். பிள்ளைகளை விட்டுவிட்டு நீ மட்டும் போய்வா என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். காய்ச்சல் பிள்ளையை யார் தலையில் கட்டுவது? அதோடு இன்னொன்றும் இருந்தது. தூக்குவதற்கு முன் பேரன் பேத்திகள் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிக்காவிட்டால் போகிறவருக்கு வழி இருட்டாக இருக்கும் என்று அய்யாவே எத்தனை சாவு வீட்டில் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் திவ்யா ஒருத்தி. மிச்சப் பேரப்பிள்ளைகள் என் வீட்டில்தான் படுத்திருந்தார்கள்.

மருந்தைக் கொடுத்து, ஈரத்துணியும் பாலிதீன் பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சோலை மடியில், ஆர்த்திகா தோளில். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ். காளவாசல் சிக்னலில் நெரிசலில் நின்றபோது சோலை முன்சீட்டுக்காரர் சட்டையெல்லாம் வாந்தி எடுத்தான். அவர் திட்டினார். கண்டக்டர், "ஏம்மா, இம்புட்டு முடியாத பிள்ளையத் தூக்கிட்டு எங்க போற?" என்றார். "எங்கப்பா செத்துட்டாருண்ணே" என்றேன். திட்டியவரே என்னோடு இறங்கி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து ஆட்டோவும் பிடித்துவிட்டார். முன்பின் தெரியாத மனுஷன்.

தெரிந்த மனுஷர்கள் என்ன செய்தார்கள்? மொக்கையன் பெரியப்பா பந்தல் வாசலில் கையை நீட்டி மறித்தார். "நீ வேணா உங்கப்பன் மூஞ்சியப் பாத்துட்டுப் போ. இந்தப் பிள்ளைக உள்ள வரப்படாது." என் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அப்போது நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். மதினி வந்துவிட்டார், எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். பேசினீர்கள். என்னிடம் இல்லை. ஆர்த்திகாவின் சட்டையை முதுகுவரை தூக்கிப் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்துக் கத்தினீர்கள்: "ஐயையோ, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு! ஆத்தா வந்திருக்கா!"

சனம் அப்படியே பின்வாங்கியது. பிறகு யார் யாரோ வேப்பிலை ஒடித்தார்கள், கும்பிட்டார்கள், பிள்ளைகளை உள்ளே நடத்திப் போனார்கள். கையில் பந்தத்தைக் கொடுத்தார்கள். எல்லாம் தூர நின்றுதான். என்னைக் கட்டிப் பிடித்து அழக்கூட ஒருத்தி வரவில்லை. அப்பனைப் பறிகொடுத்தவள் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மையுமில்லை ஒன்றுமில்லை. வைரல் காய்ச்சல். முதுகில் இருப்பது வேர்க்குரு. இப்போது இரண்டும் எழுந்து வீட்டைத் தலைகீழாக்குகின்றன.

என் பிள்ளைகளை நோய் பிடித்ததுகள் என்று ஊர்கூட்டிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனது வந்தது? அதை மட்டும் எழுதுங்கள்.

கனகலட்சுமி


நல்லம்மாபட்டி, சமயநல்லூர் வழி
15 மே 2025

அன்புள்ள கனகுக்கு,

நான் போடுவேன்த்தா அன்புள்ளன்னு. எனக்கென்ன குறைச்சல்? உன்னைப் போலப் பள்ளிக்கூட டீச்சர் தமிழ் எனக்கு வராது. வாயில் வருவதுதான் கையிலும் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தப் போன். அது நான்தான். திவ்யா போனிலிருந்து போட்டேன். நீ கல்யாணம் கட்டிப் போன மாதத்தில் மொக்கையன் பெரிய மாமா எங்கள் எல்லாரையும் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினது உனக்குத் தெரியும். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "கனகலட்சுமிகிட்ட பேச மாட்டேன்" என்று ஒவ்வொருத்தராகச் சொன்னோம். கருப்பனிடம் சொன்ன சொல்லை மீற எனக்குப் பயம். ஒரே பிள்ளை வைத்திருக்கிறேன். மாமா இறந்ததும் எனக்கு உன் நினைப்புத்தான். பேசாமல் எப்படிச் சொல்ல? உங்க அத்தை வாய் எதற்கு இருக்கிறது! நம்பரைப் போட்டு, போனை ஒப்பாரிக்கு நடுவில் தூக்கிப் பிடித்தேன். வீடியோ எடுக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள்.

பேச மாட்டேன் என்றுதான் சூடம் அடித்தேன். எழுத மாட்டேன் என்று அடிக்கவில்லை. இது எனக்கு எட்டு வருஷமாகத் தோன்றவேயில்லை பார். உன் கடிதத்தைப் பிரித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

இப்போது அம்மைக்கு வருகிறேன். ஏத்தா, நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? கத்திரி வெயிலில் நம்ம ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூட வேர்க்குரு வரும். அம்மைக்கும் வேர்க்குருவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? தெரிந்தேதான் கத்தினேன்.

பெரிய மாமா கையை நீட்டி மறித்ததைப் பார்த்தேன். உன் அண்ணன் வாய் திறக்க மாட்டார் என்பதும் தெரிந்தது. நான் வீட்டு மருமகள். மாமனாருக்கு அண்ணனை எதிர்த்துப் பேச எனக்கு முறை கிடையாது. ஆத்தாளுக்கு உண்டு. சட்டையைத் தூக்கினேன், செக்கச்செவேலென்று இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நீ கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுததில் பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. பெரிய மாமா விடவில்லை. "அம்மை போட்ட பிள்ளையத் தீட்டு வீட்டுக்குக் கூட்டியாரலாமா, திரும்பிப் போகச் சொல்லு" என்றார். "கூட்டியாரல மாமா, அவளா வந்திருக்கா. வந்து நிக்கிறவளப் போன்னு சொல்ல நீங்க யாரு?" என்றேன். சாமியாடுகிற மனுஷன் அல்லவா, இதற்குப் பதில் சொல்ல முடியுமா அவரால்? கை தானாக இறங்கியது. மஞ்சள் தண்ணி தெளிக்கச் சொன்னார். குனிந்து ஆர்த்திகாவையும் சோலையையும் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து உன் மகன் அவர் வெள்ளை வேட்டியில் கொடகொடவென்று வாந்தி எடுத்தான். "தாயே, ஏத்துக்கிட்டேன் தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுடுகாடு போய்த் திரும்பும்வரை அந்த வேட்டியை அவர் மாற்றவேயில்லை. ஆத்தா கொடுத்ததை அலசலாமா?

நான் மூஞ்சியைச் சேலையால் மூடிக்கொண்டு குலுங்கினேன். மாமனாருக்காக இந்த மருமகள் எப்படி அழுகிறாள் பாரு என்றார்கள்.

உன்னை வந்து கட்டிக்கொள்ள முடியவில்லை. பக்கத்தில் வந்தால் வாய் பேசிவிடும் என்று பயந்தேன். அது மட்டும் எனக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

மாமா கடைசியில் உன் பேரைச் சொன்னாரா என்று உனக்குக் கேட்கத் தோன்றும். சொல்லவில்லைத்தா. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உன்னை ஆற்ற மாட்டேன்.

23ஆம் தேதி கருமாதி. பிள்ளைகளோடு வா.

ஜெயக்கொடி


ஒத்தக்கடை
17 மே 2025

அன்புள்ள மதினிக்கு,

போட்டுவிட்டேன், பார்த்தீர்களா. உங்கள் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். வேட்டி விஷயத்தை விக்ரமுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம். ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம். நீங்கள் கோபிக்கக் கூடாது.

அன்று பந்தம் பிடித்தது யார் மதினி? பேயாண்டியின் பேத்தியும் பேரனுமா? இல்லை. ஆத்தா பிடித்தாள். என் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் கண் போகும், கால் போகும் என்ற பயத்தில் உள்ளே விட்டார்கள். வேர்க்குரு அமுங்கிவிட்டது. இனி எந்தப் பேரைச் சொல்லி உள்ளே வருவார்கள்? ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் கத்திரி வெயிலையா எதிர்பார்த்திருக்க முடியும்?

விக்ரமைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று. அன்றைக்கு அவரும் வந்திருந்தார். திண்டுக்கல்லிலிருந்து நேராக வந்து, நம்ம ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கில் இருக்கும் சாயாக்கடையில் நின்றார். ரோட்டைத் தாண்டவில்லை. "நான் வந்தா சாவு வீடு சண்டை வீடாயிரும் கனகு. நீ போ" என்று போனில் சொன்னார். பந்தல் அவருக்குத் தெரிகிறது, மாமனாரைத் தூக்கிப்போவது தெரிகிறது, நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அவருடைய அப்பா பால்பாண்டியும் அம்மா ராமக்காளும் நம்ம வயலில் நாற்று நட்டவர்கள், கருக்கலில் வந்து கருக்கலில் போனவர்கள். இன்று அவர்களுக்கும் சொந்த வயல் இருக்கிறது, மகன் கல்லூரியில் வேலை பார்க்கிறார். நம்ம ஊர்க்காரர்கள் பிள்ளைக்கு அங்கே சீட்டுக் கேட்டு அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துப் போகிறார்கள். ஆனால் அவர் நம்ம ஊர் ரோட்டைத் தாண்டக் கூடாது.

கருமாதிக்குச் சமயநல்லூர் ரோட்டில் அய்யா படத்தோடு பிளக்ஸ் வைப்பீர்கள். மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி என்று வரிசையாகப் பேர் இருக்கும். ஊரில் யாருக்கும் அப்படித்தான். அதில் என் வீட்டுக்காரர் பேரும் பிள்ளைகள் பேரும் இருந்தால் வருகிறேன். இல்லாவிட்டால் இங்கேயே ஒரு விளக்கு ஏற்றிக்கொள்கிறேன். அய்யாவுக்கு அது போதும்.

ஆத்தாளைத் துணைக்குக் கூப்பிடாமல் என் பிள்ளைகளை மட்டும் கூப்பிட முடியுமா மதினி?

கனகு


நல்லம்மாபட்டி
19 மே 2025

கனகுக்கு,

கேட்பது சுலபம்த்தா. இந்த வீட்டுக்குள் இருந்து பார்.

உன் கடிதம் வந்த கோபத்தில், இவளுக்காகச் சாமி பேரில் பொய் சொன்னேனே, அதுவும் பத்தவில்லையா என்று பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டினேன். உன் அண்ணன் என்னவென்று கேட்கவில்லை. அவர் எதையும் கேட்பதில்லை. மாமா போனதிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாயந்தரம் பெரிய மாமா வந்தார். "அந்தப் பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சாமா?" என்று விசாரித்தார். அட, மனுஷனுக்குக் கரிசனம் வந்துவிட்டதே என்று, "ஊத்தியாச்சு மாமா, நல்லா இருக்குதுக" என்றேன். "அப்ப ஆத்தா இறங்கிட்டா. இனி அதுக இங்க வரவேண்டியதில்ல" என்றார். பிளக்ஸுக்குப் பேர் எல்லாம் அவரே சொன்னார், திவ்யா எழுதிக்கொண்டாள். உன் பேர் இல்லை. உன் வீட்டில் ஒருத்தர் பேரும் இல்லை.

நீ சொன்னதுதான் சரி. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

என்ன செய்வேன் என்று தெரியவில்லை. செய்ய முடிந்தால் எழுதுகிறேன்.

ஜெயக்கொடி


நல்லம்மாபட்டி
21 மே 2025

என் கனகுக்கு,

தபாலில் போட்டால் கருமாதி முடிந்துதான் வந்து சேரும். திவ்யா பரீட்சை எழுத ஒத்தக்கடைப் பக்கம் வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து படி. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி.

நேற்றுக் காலையில் பங்காளிகள் எல்லாரும் நம்ம வீட்டில் கூடினார்கள். சமையலுக்கு யார், பந்தலுக்கு யார் என்று பேச்சு. பெரிய மாமா நடுவில் நாற்காலியில். பிளக்ஸில் போட வேண்டிய பேர்களைத் திவ்யாவை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்து முடித்ததும், "அம்புட்டுதான், அச்சுக்குக் குடுத்துரு" என்றார்.

நான் அடுப்படி வாசலில் நின்றேன். கையில் காப்பித் தட்டு. என்ன பேசுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு நடுவீட்டுக்கு வந்தேன்.

"பேரு குறையுது மாமா" என்றேன்.

"எந்தப் பேரு?"

"உங்க தம்பி மகளும், மருமகனும், அவுக பிள்ளைகளும்."

"அன்னைக்கு ஆத்தாளுக்காக விட்டோம். இன்னைக்கு எதுக்கு?"

"ஆத்தாளும் வரல, அம்மையும் போடல மாமா. அது வேர்க்குரு. நான்தான் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளைகளை உள்ள விடணும்னு சொன்னேன். அன்னைக்கு நீங்க அம்புட்டுப் பேரும் கையெடுத்துக் கும்பிட்டது என் நாத்தனா பிள்ளைகளைத்தான்."

கனகு, இன்றோடு தொலைந்தாய் ஜெயக்கொடி, பெட்டியைக் கட்டு என்று நினைத்தேன். பெரிய மாமா முகம் கறுத்துப் போயிற்று. அப்போது மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த உங்க தங்கப்பொண்ணு அத்தை இடிப்பதை நிறுத்தினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப அண்ணே, அன்னைக்கு ஒன் வேட்டியில வாந்தி எடுத்தது யாரு?"

யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. பின்னால் இருந்து உங்க முத்திருளன் சித்தப்பாவாக இருக்கும். "பேயாண்டி பேரன்தான், வேற யாரு!" என்றார்.

அவ்வளவுதான். வீடே வெடித்தது. பந்தல்காரன், சமையல்காரன், வாசலில் நின்றவன், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "பேயாண்டி பேரன் வாந்தி எடுத்துட்டான்யா", "அந்த வேட்டியோடயே சுடுகாடு வரைக்கும் வந்தாருய்யா" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எட்டு வருஷமாக ஒருத்தர் வாயிலும் வராத சொல், பேயாண்டி பேரன், பேயாண்டி பேரன் என்று வீடு முழுக்கக் கேட்கிறது. அவர்களுக்கு அது தெரியவேயில்லை. எனக்குத் தெரிந்தது. உன் அண்ணனுக்கும் தெரிந்தது.

அவரும் சிரித்தார். சிரித்துச் சிரித்து, அப்படியே அழ ஆரம்பித்தார். மாமா செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திவ்யா, ஒங்கத்தை பேரு, மாமா பேரு, பிள்ளைக பேரு நாலையும் போடும்மா" என்றார்.

"டேய், கருப்பன் கோயில்ல சூடம் அடிச்சிருக்கடா" என்றார் பெரிய மாமா.

"அடிச்ச எடத்துலயே ஏத்தி முறிச்சுக்கிறேன் பெரியப்பா. குத்தம்னா அது என்னைச் சேரட்டும். எந்தங்கச்சி காய்ச்சப் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னப்ப நான் தலையக் குனிஞ்சேன்ல, அதவிடப் பெரிய குத்தம் என்ன இருக்கு?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் புருஷன் இம்புட்டு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. கருமாதி வீடாகப் போயிற்று.

பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் கருமாதிக்கு வரமாட்டேன்" என்று சொல்லிப் போய்விட்டார். போகட்டும். பின்னாலேயே யாரும் போய்க் கெஞ்சவில்லை. அதுதான் புதுசு.

இன்று காலை நாங்கள் இரண்டு பேரும் கருப்பன் கோயிலுக்குப் போனோம். சூடம் ஏற்றினோம். அன்று அடித்து அணைத்தோமே, இன்று அதைத் தொடவில்லை. தானாக எரிந்து முடியும்வரை நின்றோம்.

இனி உன்னோடு பேசலாம். ஆனால் போன் பண்ண மாட்டேன், நீயும் பண்ணாதே. எட்டு வருஷம் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தை போனில் போகக் கூடாது. நேரில் வா. விக்ரம் அண்ணனைக் கூட்டி வா. முறைக்கு அவர் எனக்கு அண்ணன்தானே.

ஜெயக்கொடி

கீழே உன் அண்ணன் ஏதோ எழுத வேண்டுமாம். பேனாவைப் பிடுங்குகிறார்:

தங்கச்சி, மாப்ளயோட வா. செல்வக்குமார்.


ஒத்தக்கடை
26 மே 2025

என் அன்புள்ள மதினிக்கு,

இனிமேல் தினமும் போனில் அறுக்கப் போகிறோம், இதை எதற்கு எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். நீங்கள் நேரில் பார்க்காதது ஒன்று இருக்கிறது. அதைக் காகிதத்தில் வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மற்றதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். எட்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசப்போகும் முதல் வார்த்தையை என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் வாசலில் நின்று, "ஏன்த்தா இம்புட்டு நேரம்? இட்லி ஆறிப்போச்சு" என்றீர்கள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு நீங்கள் அழுத அழுகையில் என் சேலைத் தோள் நனைந்தது. அன்று கம்பத்தைப் பிடித்து அழுததெல்லாம் அதில் போய்விட்டது மதினி. நெஞ்சில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உருமாக் கட்டு நேரம் வந்ததும், யாரைக் கூப்பிடுவாரோ என்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பனை இழந்த மகன் தலையில் மாப்பிள்ளை முறைக்காரர் துண்டு கட்ட வேண்டும், அதுதானே வழக்கம். அண்ணன் மணையில் உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்து, விக்ரமைக் கண்டுபிடித்து, "மாப்ள, வாங்க" என்றார். நம்ம வயலில் நாற்று நட்டவர் மகனுக்கு முன்னால் என் அண்ணன் தலையைக் குனிந்து காட்டினார். அன்று குனிந்ததும் அதே தலைதான். விக்ரம் கட்டிய துண்டு சரிந்தது. "இறுக்கிக் கட்டுங்க மாப்ள, விழுந்துறப் போகுது" என்றார் அண்ணன். எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த என் மாமியார் ராமக்காள் பந்தியில் உட்கார்ந்து, இலையில் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் முற்றத்தைத் தாண்டி அவர் உள்ளே வந்தது அன்றைக்குத்தான். நீங்கள் போய், "சாப்பிடுங்கத்தை, ரசம் ஆறுது" என்றீர்கள். உங்களுக்கு எதுவும் ஆறக் கூடாது!

பெரியப்பா வரமாட்டேன் என்றவர் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார், புது வேட்டியில். சோலை ஓடிப்போய் அவர் மடியில் ஏறப் பார்த்தான். அவர் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்த வேகம் இருக்கிறதே! அவர் மனம் மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. அவர் மாறாமலேயே எல்லாம் நடந்தது, எனக்கு அதுதான் சந்தோஷம்.

இப்போது நீங்கள் பார்க்காதது.

அன்று காலை நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில்தான் வந்தோம். அதே பஸ், அதே காளவாசல் சிக்னல். இந்த முறை சோலை ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தான். ஆர்த்திகா போகிற கடைப் பலகை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், கண்ணில் படுகிற எதையும் விடுவதில்லை.

ஊர் விலக்கில் இறங்கினோம். நான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் விக்ரம் இல்லை. அந்தப் பக்கம் சாயாக்கடையில் நிற்கிறார், அன்று நின்ற அதே இடத்தில். "நீங்க முன்னாடி போங்க. ஒரு டீயைக் குடிச்சிட்டு வாரேன்" என்று கையைக் காட்டினார். அண்ணன் ஒரு வரி எழுதிய உங்கள் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. இருந்தும் கால் வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு கடிதத்தால் மாற்றிவிட முடியுமா என்று நினைத்து நின்றேன்.

எதிரே பிளக்ஸ். அய்யா மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார். திவ்யா கைங்கரியம், சுற்றிலும் ரோஜாப்பூ, மேலே இரண்டு புறா. ஆர்த்திகா அதன் முன்னால் போய் நின்று விரலை வைத்து ஆரம்பித்தாள். "மகன்... செல்வக்குமார். மருமகள்... ஜெயக்கொடி. மகள்... கனகலட்சுமி. அம்மா, நீ!" அடுத்த வரிக்கு விரல் போனது. கொஞ்சம் தடுமாறினாள். பிறகு அவள் குரல் விலக்கு முழுக்கக் கேட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், சாயா குடித்தவர்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மருமகன் விக்ரம்! அப்பா, ஒம் பேரு இங்க இருக்கு! தாத்தா பக்கத்துலயே இருக்கு! வாப்பா!"

விக்ரம் கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

கனகு